பாக்கெட்டா, குருணைச் சோறா: ஒரு நாய்த் தட்டின் கணக்கு

போன மாதம் மச்சினன் கோவில்பட்டிப் பக்கம் போன இடத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஐம்பது நாள் குட்டி. உடம்பைவிடக் காலும் வாலும்தான் நீளம். வந்த அன்று ராத்திரியே எனக்குப் போன்.

"மாமா, கடைக்காரரு ஒரு பாக்கெட்ட நீட்டுறாரு, கிலோ எழுநூறு ரூவாங்கிறாரு. அம்மா தயிர்ச்சோறு போதும்ங்கிறாங்க. ஜிம்முல ஒருத்தன் பச்சைக் கறிதான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். எதைத்தான் போடுறது?"

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்திலேயே பெரிய தப்பைச் செய்தவன் நான்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வந்தது. வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். குறை வைக்கக் கூடாது என்று தினமும் கோழி ஈரல் வாங்கி, வேகவைத்து, சோற்றில் பிசைந்து, சாற்றையும் ஊற்றினேன். எலும்பு தொண்டையில் மாட்டும் என்று பயந்து ஒரு துண்டுகூடக் கண்ணில் காட்டவில்லை. குட்டி மினுமினுவென்று வளர்ந்தது. நாலாவது மாதம் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. பாதம் தட்டையாகி விரல்கள் விரிந்தன. ஒருநாள் வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டு, ஏற மாட்டேன் என்று என்னையே பார்த்தது. ஒரே ஒரு படிதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் புகை மாதிரி மங்கிக் கிடந்தது. டாக்டரம்மா படத்தை விளக்கு முன்னால் பிடித்தபடியே, "என்ன சார் போடுறீங்க?" என்றார். சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு எண் எழுதினார். நூறு கிராம் கோழி ஈரலில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 300. நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். என் சட்டியில் அது தலைகீழாக இருந்தது. வெறும் கறியிலும் கதை அதேதான். கால்சியத்தைப்போல் 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். வெள்ளையன் தன் காலைத் தானே தின்றுகொண்டிருந்தான்.

அவனுக்குக் கால் ஓரளவு நிமிர்ந்தது. இடது கால் மட்டும் கடைசிவரை லேசாகக் கோணல். அதனால் யாராவது நாய்க்கு எது நல்லது என்று கேட்டால், சத்து அதிகமாக உள்ளது எது என்று நான் பார்ப்பதில்லை. எதில் எது குறைகிறது என்றுதான் பார்க்கிறேன். மச்சினன் சொன்ன மூன்றையும், அவன் சொல்லாத ஒன்றையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் அத்தையின் தயிர்ச்சோறு. இதைக் கிண்டல் செய்பவர்கள் நாய் ஓநாயின் வாரிசு, மாவுச்சத்தைச் செரிக்காது என்பார்கள். அது சரியில்லை. 2013-ல் நேச்சர் இதழில் வந்த சுவீடன் ஆய்வு, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸுக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது, நாய்களிடம் நாலிலிருந்து முப்பது வரை இருக்கிறது என்று காட்டியது. மனிதன் விவசாயம் பண்ணிய இடத்தில் மிச்சத்தைத் தின்று தின்று மாறிய வயிறு அது. கம்மங்கூழிலும் கேப்பைக்களியிலும் வளர்ந்த வேட்டை நாய்கள் நம் கரிசல்காட்டில் தலைமுறை தலைமுறையாக முயல் விரட்டியிருக்கின்றன. (அந்த முயலில் அதற்கும் பங்கு உண்டு, எலும்போடு. கூழை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறோம்.)

ஆகச் சோறு குற்றவாளி அல்ல. சோறு மட்டும் என்பதுதான் சிக்கல். இருபது கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1050 கலோரி வேண்டும். அறுநூறு கிராம் சோறும் கால் கிலோ தயிரும் போட்டால் கலோரி 900-ஐத் தாண்டிவிடும், நாய்க்கும் வயிறு நிறைந்துவிடும். ஆனால் அதில் புரதம் 25 கிராம்தான். அமெரிக்காவில் நாய் உணவுக்கு அளவுகோல் வைக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, வளர்ந்த நாய்க்கே ஆயிரம் கலோரிக்கு 45 கிராம் புரதம் குறைந்தபட்சம் வேண்டும். குட்டிக்கு இன்னும் அதிகம். துத்தநாகம், செம்பு, வைட்டமின் ஈ எல்லாம் இந்தத் தட்டில் ஏறக்குறைய இல்லை. தயிர்ச்சோற்று நாய் பட்டினி கிடக்காது, குண்டாகக்கூட இருக்கும். தசை இருக்காது, முடி பொலிவிழந்து கிடக்கும். "எங்க நாய் பன்னண்டு வருஷம் தயிர்ச்சோறுலயே இருந்துச்சு" என்பவர்கள் வீட்டு நாய் தெருவில் என்னென்ன தின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு முழுமையாகும்.

இதிலேயே அடங்குவது வீட்டு மிச்சம். சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம், பூண்டு இல்லாத நாள் எது? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. ஒரு நாள் ஒரு வாயில் ஒன்றும் ஆகாமல் போகலாம். தினமும் சின்ன வெங்காயச் சாறு ஊற்றினால் ரத்தசோகைக்கு வழி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் வெந்த எலும்பு வேறு. வெந்த எலும்பு ஊசி மாதிரிச் சிலாம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் ஆகியவற்றுக்கு 'கொஞ்சமாகக் கொடுக்கலாம்' என்ற பேச்சே கிடையாது.

அடுத்து பாக்கெட். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்ததிலிருந்து வரும் வியாபாரம். இன்று நாம் பார்க்கும் உப்பலான உருண்டைகள் 1950-களின் இறுதியில்தான் வந்தன. அரைத்த தானியத்தையும் இறைச்சித் தூளையும் மாவாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து, வெட்டி, மேலே கொழுப்பைத் தெளிப்பது. நம்மூர் முறுக்கு அச்சின் வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பாக்கெட்டின் பெரிய பலம், அந்த டாக்டரம்மா எழுதிய இரண்டு எண்ணையும் நமக்குப் பதிலாக வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்பது. அதற்குத்தான் காசு. ஆனால் எல்லாப் பாக்கெட்டும் அப்படி இல்லை. முன்பக்கத்தில் இருக்கும் கேரட் படத்தையும் வறுத்த கோழிக்காலையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். இது முழுமையான, சமச்சீரான உணவு என்று போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா? துணை உணவு என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது பட்சணம், சாப்பாடு அல்ல. கடையில் விற்கும் கிரேவிப் பைகளில் பல இந்த வகை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஈர உணவுப் பையில் புரதம் 8 சதவீதம் என்றும் உலர் உணவில் 20 சதவீதம் என்றும் இருந்தால், ஈரம் மட்டம் என்று தோன்றும். பையில் தண்ணீரே 80 சதவீதம். மீதி இருபதில் எட்டு என்றால் 40 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 12 என்று வைத்தால், 88-ல் இருபது, அதாவது 23 சதவீதத்துக்குக் கீழே. தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதே உலர் பாக்கெட்டில் கொழுப்பு 10, நார் 5, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8 என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சும் 45 சதவீதம் மாவுச்சத்து. பாக்கெட்டில் இந்த எண்ணைப் பொதுவாக அச்சடிப்பதில்லை. தயிர்ச்சோற்றைப் பழிக்கும் கடைக்காரர் விற்பதிலும் பாதிக்குப் பக்கம் சோறுதான் என்பது வேடிக்கை.

அதற்காகத் தானியமே இல்லாத உணவுக்கு ஓட வேண்டாம். அரிசி, கோதுமைக்குப் பதிலாக அதில் பட்டாணியும் பருப்பும் நிறையப் போடுகிறார்கள். இந்த வகை உணவு தின்ற நாய்களுக்கு இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் வருவதாகப் புகார்கள் வந்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணையை அறிவித்தது. உணவுதான் காரணம் என்று முடிவாக நிறுவவில்லை; 2022 இறுதியில், புதிதாக உருப்படியான தகவல் வந்தால்தான் மேற்கொண்டு சொல்வோம் என்று நிறுத்திக்கொண்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, சரி. இரட்டை விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பாக்கெட்டில் நம்மூருக்கே உரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடை வாசலில் சாக்கு வாயைத் திறந்து வைத்து, கரண்டியால் அள்ளிக் கிலோக் கணக்கில் கொடுக்கிறார்களே, அதுதான். மேலே தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் அஃப்லடாக்சின் ஈரலைத் தாக்கும் விஷம். விலை மலிவு என்று வாங்கிய லூஸ் தீனியை ஒருமுறை கையில் எடுத்து முகர்ந்தேன். பழைய எண்ணெய்ச் சட்டி வாடை. அன்றிலிருந்து சின்னப் பையாக, தேதி பார்த்து, பையோடு டப்பாவுக்குள் இறக்கி மூடுவதுதான் வழக்கம். பெரிய மூட்டையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் என்றாலும், ஒரே நாய் உள்ள வீட்டில் அது மூன்று மாதம் கிடக்கும்.

பச்சைக் கறி ஆளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சால்மோனெல்லாவோ ஈ.கோலையோ உள்ள கறியைத் தின்ற நாய்க்குச் சில சமயம் ஒன்றுமே ஆகாது. ஆனால் கிருமி அதன் மலத்திலும் வாயிலும் இருக்கும், அதே வாய்தான் குழந்தையின் முகத்தை நக்கும். வெட்டுமிடத்தில் வீசும் ஆட்டு நுரையீரலையும் ஈரலையும் பச்சையாகத் தின்னும் நாய்க்கு ஹைடாடிட் நாடாப்புழு வரும். அதன் முட்டை மனிதன் வயிற்றுக்குப் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி. காலை ஏழு மணிக்குத் தொங்கவிட்ட கறி பத்து மணிக்கு என்ன ஆகும் என்பது மதுரை வெயிலில் நடப்பவனுக்குத் தெரியும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே 2012-லிருந்து வேண்டாம் என்கிறது. பச்சை மீனிலும் ஒரு கெடுதல் உண்டு: மத்தி, நெத்திலி போன்றவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும், மீனின் நல்ல கொழுப்பு நிற்கும்.

மச்சினன் சொல்லாத நாலாவது வழிதான் எனக்குப் பிடித்தது: நாய்க்கென்றே கணக்குப் பார்த்துச் சமைப்பது. பிடித்திருக்கிறது என்பதற்காக எளிது என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசோதித்து 2013-ல் எழுதினார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. சமைப்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. நானும்தான் அன்போடு ஈரல் வேகவைத்தேன்.

இப்போது வீட்டில் இருப்பது மணி, தெருவிலிருந்து வந்தவன், இருபது கிலோ. அவனுடைய ஒரு நாள் முழுச் சமையல் இப்படி: குருணை நூறு கிராம், கேழ்வரகு மாவு ஐம்பது கிராம், எலும்பில்லாத கோழி கால் கிலோ, ஒரு முட்டை, பூசணியோ கேரட்டோ கீரையோ ஒரு கை, எண்ணெய் இரண்டு டீஸ்பூன். குக்கரில் நாலு விசில். கலோரி ஆயிரத்தைத் தாண்டும், புரதம் அறுபது கிராமுக்கு மேல். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால் அதுவே போதும் என்று நானும் நினைத்திருந்தேன். ஐம்பது கிராமில் கிடைப்பது 180. அதிலும் ஒரு பகுதியைக் கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளே உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேவையோ 1200-க்கு மேல். ஆகவே முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் திருநீறு மாதிரி அரைத்து அரை டீஸ்பூன். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2000 மில்லிகிராம் கால்சியம் என்பதால் அரைக்கு மேல் போடுவதில்லை. வாரம் இரண்டு நாள் வேகவைத்த மத்தி. ஈரல் இப்போது ஒரு சின்னத் துண்டு, வாரத்துக்கு இரண்டு தரம். இத்தனைக்குப் பிறகும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ குறையும் என்று டாக்டரம்மா ஒரு தாது உப்புப் பொடி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது இல்லாமல் இந்தச் சமையல் முழுமையில்லை.

செலவு? கோழிக்கடை பாய் தராசைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார், "அண்ணே, நாய்க்கா, வீட்டுக்கா?" நாய்க்கு என்றால் தலை, கால், கழுத்து என்று ஒரு பை கட்டிச் சல்லிசாகக் கொடுப்பார். அதில் பாதி எலும்பும் தோலும், வேகவைத்துப் பிரித்தெடுக்கக் கால் மணி நேரம் ஆகும். வீட்டுக்கு என்று சொல்லி வாங்கினால் நாய்க்கும் நமக்கும் ஒரே விலை. எனக்கு நாளைக்கு நூறு ரூபாய்க்குக் குறைவதில்லை. சாதாரணப் பாக்கெட்டில் முந்நூறு கிராம் போட்டால் எழுபது, எண்பது. எழுநூறு ரூபாய்ப் பாக்கெட் என்றால் இருநூறைத் தாண்டும். ஆகச் சமையல் மலிவு என்பதும் கதைதான். அதில் கிடைப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிவது. போவது, தினமும் ஒரு மணி நேரம். ஊருக்குப் போகிற வாரம் யார் சமைப்பது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

சைவ வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை, பனீர், சோயா, தாதுப் பொடி என்று கவனமாகப் போட்டால் வளர்ந்த நாயை நன்றாக வைத்திருக்க முடியும். குட்டியில் அந்தப் பரீட்சை வேண்டாம். பூனைக்கு எப்போதுமே வேண்டாம்.

எதைப் போட்டாலும் எவ்வளவு என்பது பெரிய விஷயம். 48 லேப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த, பியூரினா என்ற நாய் உணவு நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரே உணவுதான்; பாதி நாய்களுக்குக் கால் பங்கு குறைத்துப் போட்டார்கள். குறைவாகத் தின்றவற்றில் பாதி நாய்கள் 13 வயதைத் தாண்டின, மற்றவற்றில் பாதி 11.2-ஐத்தான் தாண்டின. எந்தப் பாக்கெட்டை மாற்றினாலும் நாய்க்கு இவ்வளவு ஆயுளைக் கொடுத்ததாக நான் படித்ததில்லை. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும், நம் புறங்கையைத் தடவினால் தெரிகிற மாதிரி. தெரியவில்லை என்றால் கொழுப்பு, துருத்திக்கொண்டு நின்றால் பட்டினி. சிப்பிப்பாறைக்கும் கன்னி என்ற வேட்டை நாய்க்கும் கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்கே தெரியும், அதுதான் அந்த இனத்தின் வாகு. இரக்கப்பட்டு அதை லேப்ரடார் ஆக்கிவிடக் கூடாது. அதேபோல நன்றாகத் தின்ற நாய் திடீரென்று தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால் உணவை மாற்றாதீர்கள், காதுக்குள் உண்ணி பாருங்கள். நம்மூரில் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

மச்சினனுக்கு நான் சொன்னது இதுதான். ஒரு வயது வரை குட்டிகளுக்கான நல்ல பாக்கெட், நடுத்தர விலை போதும், மூடிய பை. வளர்கிற எலும்பில் தப்புப் பண்ணினால் திருத்த அவகாசம் கிடையாது. அந்த வயதில் என் சமையலை நானே நம்ப மாட்டேன். கூடவே கடைக்காரர் தள்ளும் கால்சியம் டானிக் வேண்டாம், பாக்கெட்டில் இருப்பதோடு அதுவும் சேர்ந்தால் மிகையாகி மூட்டு கெடும். மேலே ஆசைக்கு ஒரு முட்டை, ஒரு கரண்டி தயிர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரு வாரம் பத்து நாள் கலந்து கலந்து மாற்று. ஒரு வயதுக்குப் பிறகு மணிக்குப் போடுவது மாதிரி காலையில் பாக்கெட், சாயங்காலம் குருணைச் சட்டி, ஒவ்வொன்றும் பாதி அளவு. சமைக்க ஆள் இல்லாத வீடென்றால் முழுக்கப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், ஒரு குறையும் வராது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நடுவில் அத்தை போனைப் பிடுங்கினார்.

"ஏம்ப்பா, உப்பு மட்டும் போடக் கூடாதுல்ல? முடி கொட்டிரும்ல?"

முடி கொட்டுவது பெரும்பாலும் தெள்ளாலும் உண்ணியாலும், கொழுப்பும் துத்தநாகமும் குறைவதாலும். நாய்க்கும் சோடியம் வேண்டும். பாக்கெட்டில் அதை அவர்களே போட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சட்டிக்கு, ஒரு நாளைக்கு, ஒரு சிட்டிகை.

"போடலாம் அத்தை, ஒரு சிட்டிகை."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீ சொன்னா சரி," என்றார், நம்பாத குரலில்.